அந்த ஆப்புக்கு மட்டும் தனிக் கட்டணமா?

கேள்வி: பழனியில் வீட்டிலிருந்தபடியே பத்தாம் வகுப்பு, பன்னிரண்டாம் வகுப்புப் பிள்ளைகளுக்கு வீடியோ காலில் கணக்குப் பாடம் எடுக்கிறேன். இதுதான் என் வருமானம். தெருவில் கேபிள்காரர் கொடுத்த ஃபைபர் இணைப்பு, 100 எம்பிபிஎஸ் பிளான். இரண்டு மாதமாக மாலை ஏழு மணிக்கு மேல் நான் வகுப்பு எடுக்கும் ஆப் மட்டும் திக்குகிறது. போர்டில் எழுதுவது பிள்ளைகளுக்கு உறைந்து நிற்கிறது. அதே நேரத்தில் ஹாலில் என் மாமியார் யூடியூபில் தடங்கலே இல்லாமல் சீரியல் பார்க்கிறார். ஸ்பீட் டெஸ்ட் போட்டால் 90க்கு மேல் காட்டுகிறது. கேபிள்காரரைக் கேட்டேன். "மேடம், கிளாஸ் ஆப்புக்குத் தனி ஆட்-ஆன் வந்திருக்கு, மாசம் 250. போட்டா அந்த ஆப் ஸ்லோ ஆகாது" என்று வாட்ஸ்அப்பில் பதில் அனுப்பினார். அமெரிக்காவில் இருக்கும் என் தம்பியோ, "எல்லாத் தளத்தையும் ஆப்பையும் இணைய நிறுவனம் ஒரே மாதிரி நடத்தணும்கிற சட்டத்தை இங்கேயே கோர்ட் ரத்து பண்ணிடுச்சு, நீ அங்க யார்கிட்ட போய் கேட்கப் போறே, கட்டிட்டுப் போ" என்கிறான். கட்டிவிடலாமா?

பதில்: கட்ட வேண்டாம், சகோதரி. ஒரு குறிப்பிட்ட ஆப்பைக் காட்டி அதற்கென்று தனியாகக் காசு கேட்கும் உரிமை இந்தியாவில் எந்த இணைய நிறுவனத்துக்கும் இல்லை. இதைப் படித்து முடித்ததும் முதல் வேலையாக அந்த வாட்ஸ்அப் செய்தியைத் தேதியும் எண்ணும் தெரிய ஸ்கிரீன்ஷாட் எடுங்கள். அந்தச் சாட்டை முழுவதுமாக எக்ஸ்போர்ட் செய்து உங்கள் மின்னஞ்சலுக்கே அனுப்பி வையுங்கள். அவர் அழித்துவிட்டால் பிறகு உங்கள் வாய்வார்த்தைதான் மிஞ்சும். பல வருஷமாக நுகர்வோர் வழக்குகள் நடத்துகிறேன். வேகம் குறைவு என்று வருபவர்கள் ஏராளம். வேகத்துக்கு ரேட் போட்டு எழுத்தில் அனுப்பிய செய்தியோடு வருபவர்கள் அபூர்வம்.

சட்டம் என்ன சொல்கிறது என்று முதலில் பார்த்துவிடலாம். இரண்டு விதிகள் இருக்கின்றன, இரண்டும் உங்களுக்குப் பொருந்தும். ஒன்று, தொலைத்தொடர்பு ஒழுங்குமுறை ஆணையமான டிராய் 2016 பிப்ரவரி 8 அன்று கொண்டுவந்த விதிமுறை. எந்தத் தளம், எந்த ஆப், என்ன உள்ளடக்கம் என்பதை வைத்து டேட்டாவுக்கு வெவ்வேறு கட்டணம் வாங்கக் கூடாது என்பது அதன் சாரம். மீறினால் மீறும் ஒவ்வொரு நாளுக்கும் 50,000 ரூபாய், அதிகபட்சம் 50 லட்சம் ரூபாய் வரை அபராதம் போடலாம். இரண்டாவது, 2017 நவம்பரில் டிராய் தந்த பரிந்துரையை ஏற்று, மத்தியத் தொலைத்தொடர்புத் துறை 2018இல் நிறுவனங்களின் உரிம நிபந்தனையிலேயே சேர்த்த பகுதி. ஒரு உள்ளடக்கத்தைத் தடுப்பது, தரத்தைக் குறைப்பது, மெதுவாக்குவது, இன்னொன்றுக்குச் சலுகை வேகம் தருவது எதையும் செய்யக் கூடாது என்கிறது அது. உங்கள் கேபிள்காரர் கேட்கும் 250 ரூபாய் முதல் விதியில் மாட்டுகிறது. "போட்டா ஸ்லோ ஆகாது" என்ற வார்த்தை இரண்டாவது விதியில் மாட்டுகிறது.

இந்த விதிகள் தானாக வந்துவிடவில்லை. 2014 டிசம்பரில் ஏர்டெல், இணையம் வழியாகப் பேசும் ஆப்களுக்குத் தனிக் கட்டணம் என்று அறிவித்து, எதிர்ப்பு கிளம்பியதும் சில நாளிலேயே நிறுத்திவைத்தது. அடுத்த ஆண்டு டிராய் மக்களிடம் கருத்துக் கேட்டபோது பத்து லட்சத்துக்கும் மேற்பட்ட மின்னஞ்சல்கள் போய்க் குவிந்தன. அதே 2015இல் ஃபேஸ்புக், ரிலையன்ஸ் கம்யூனிகேஷன்ஸோடு சேர்ந்து, தான் தேர்ந்தெடுத்த சில தளங்களை மட்டும் இலவசமாகத் தரும் திட்டத்தை இந்தியாவில் தொடங்கியது. முதலில் தொடங்கிய ஆறு மாநிலங்களில் தமிழ்நாடும் ஒன்று. ஃப்ரீ பேசிக்ஸ் என்று பின்னால் பெயர் மாறிய அந்தத் திட்டம், 2016 விதிமுறை வந்த மூன்றே நாளில் இந்தியாவில் மூடப்பட்டது. இலவசமாகக் கொடுத்தாலும் சரி, கூடுதலாக வாங்கினாலும் சரி, நாம் எந்தத் தளத்துக்குப் போகிறோம் என்பதை வைத்து விலை போடும் அதிகாரம் கம்பி இழுத்தவர் கையில் இருக்கக் கூடாது என்பதுதான் அன்றைக்கு எடுத்த முடிவு. அது சரியான முடிவு என்று இன்றைக்கும் உறுதியாக நினைக்கிறேன். வீட்டில் மிக்ஸி ஓடினால் ஒரு ரேட், ஃபேன் ஓடினால் ஒரு ரேட் என்று மின்வாரியம் பில் போட்டால் பொறுத்துக்கொள்வோமா?

உங்கள் தம்பி சொல்வது பொய்யில்லை. ஆனால் அது அவர் ஊர்க் கதை. அமெரிக்காவில் 2015இல் வந்த விதியை 2017இல் எடுத்தார்கள், 2024இல் திரும்பக் கொண்டுவந்தார்கள். 2025 ஜனவரி 2 அன்று அங்குள்ள மேல்முறையீட்டு நீதிமன்றம் ஒன்று அதை ரத்து செய்தது. அங்கேயும் கலிஃபோர்னியா போன்ற மாநிலங்கள் தனியாகச் சட்டம் வைத்திருக்கின்றன. அந்தத் தீர்ப்பு பழனி வரைக்கும் வராது. நம் விதிமுறை நம் ஆணையம் போட்டது.

சரி, இனி கொஞ்சம் பொறுமையாகக் கேளுங்கள். உங்கள் ஆப்பை அந்த நிறுவனம் வேண்டுமென்றே மெதுவாக்குகிறது என்று இப்போதே எழுதிக் கொடுத்துவிடாதீர்கள். காசு கேட்டது விதிமீறல், அதில் சந்தேகமே இல்லை. ஆனால் திக்குவதற்குக் காரணம் வேறாக இருக்கலாம். இரண்டையும் ஒன்றாகக் கலந்து எழுதினால், இரண்டாவதில் தோற்கும்போது முதலாவதும் வலுவிழந்துவிடும்.

யூடியூப் ஓடுகிறது, கால் மட்டும் ஓடவில்லை என்பதை வைத்து ஓரவஞ்சனை என்று முடிவுகட்ட முடியாது. யூடியூப் அடுத்து வரும் காட்சிகளை முன்கூட்டியே இறக்கி வைத்துக்கொள்கிறது. மாடியில் சின்டெக்ஸ் தொட்டி இருக்கும் வீட்டில், தெருக் குழாயில் தண்ணீர் விட்டு விட்டு வந்தாலும் உள்ளே தெரியாது. வீடியோ காலுக்குத் தொட்டி கிடையாது, குழாயடியில் குடம் பிடிப்பதுதான். அரை நொடி தடைபட்டாலும் உங்கள் கை போர்டில் உறைந்து நிற்கும். அதோடு, கூகுள் தன் வீடியோக்களைச் சேமித்து வைக்கும் சர்வர்களை இணைய நிறுவனங்களின் இடத்திலேயே வைத்திருக்கிறது. உங்கள் மாமியார் பார்க்கும் சீரியல் வெகு தூரம் பயணம் செய்து வருவதில்லை. உங்கள் வகுப்போ வெளியூர் சர்வருக்குப் போய், அங்கிருந்து பிள்ளைகளிடம் போகிறது. ஊரே இணையத்தில் உட்காரும் மாலை ஏழு மணிக்கு, நிறுவனம் வெளியே வாங்கி வைத்திருக்கும் பாதை போதாமல் நெரிந்தால், அடிபடுவது உங்கள் வகுப்புதான். இப்படிப் பக்கத்திலேயே சர்வர் வைப்பதை நம் விதி தடுக்கவில்லை.

ஸ்பீட் டெஸ்ட் 90 காட்டுவதும் இதனால்தான். அது பெரும்பாலும் பக்கத்தில் இருக்கும் சர்வரைத்தான் தேர்ந்தெடுக்கும். சில சமயம் அந்த சர்வரே உங்கள் நிறுவனத்தின் இடத்தில் இருக்கும். வாசல் வரை ரோடு நன்றாக இருக்கிறது என்று மட்டும்தான் அந்த எண் சொல்கிறது, ஊருக்கு வெளியே இருக்கும் ரோட்டைப் பற்றி அதற்குத் தெரியாது. இன்னொன்று: பாடம் நடத்துபவருக்கு டவுன்லோடைவிட அப்லோட் முக்கியம். அந்த எண்ணையும் பாருங்கள், பிளானில் அதற்கு என்ன சொல்லியிருக்கிறார்கள் என்றும் பாருங்கள். மாத டேட்டா அளவு தாண்டியதும் வேகத்தைக் குறைக்கும் பிளானாக இருந்தால் எல்லா ஆப்பும் சேர்ந்துதான் குறையும். உங்களுக்கு ஒன்று மட்டும் குறைவதால் அது காரணமாகத் தெரியவில்லை.

ஒரு வாரம் எனக்காக ஒரு வேலை செய்யுங்கள். கணக்கு டீச்சர் நீங்கள், உங்களுக்கு இது பெரிய விஷயம் இல்லை. ஒரு நோட்டில் தினமும் காலை பதினொன்றுக்கும் மாலை ஏழரைக்கும் எழுதி வாருங்கள். வைஃபையை விட்டுவிட்டு, ரூட்டரிலிருந்து லேன் கேபிளை நேராக லேப்டாப்பில் குத்தித்தான் பார்க்க வேண்டும். இதை அழுத்திச் சொல்ல எனக்கு ஒரு காரணம் உண்டு. தையல் டிசைன் வகுப்பு எடுக்கும் ஒரு அம்மா, இணைய நிறுவனத்தின் மேல் வழக்குப் போடச் சொல்லி என்னிடம் வந்தார். வீட்டுக்குப் போய்ப் பார்த்தேன். பேரப்பிள்ளைகள் கை வைக்காமல் இருக்கட்டும் என்று ரூட்டரை இரும்பு பீரோவுக்குள் வைத்துப் பூட்டியிருந்தார், ஒயர் மட்டும் கதவிடுக்கில் வெளியே வந்தது. வெளியே எடுத்து அலமாரி மேல் வைத்ததும் வழக்கு அங்கேயே முடிந்தது. எதிர்த்தரப்பு வக்கீல் முதலில் கேட்கப்போவது உங்கள் வைஃபையைப் பற்றித்தான். அந்தக் கேள்விக்கு இடமே கொடுக்காதீர்கள்.

லேன் கேபிளிலும் திக்கினால், அதே நிமிடத்தில் மொபைல் ஹாட்ஸ்பாட்டுக்கு மாறி அதே ஆப்பைத் திறந்து பாருங்கள். அங்கே நன்றாக ஓடினால் குறை ஆப்பில் இல்லை. அப்புறம் கேபிள் இணைப்புக்கே திரும்பி வந்து, நம்பகமான விபிஎன் (நீங்கள் எந்தத் தளத்துக்குப் போகிறீர்கள் என்பதை இணைய நிறுவனத்திடமிருந்து மறைக்கும் செயலி) ஒன்றைப் போட்டுப் பாருங்கள். விபிஎன் போட்டால் வழக்கமாக வேகம் கொஞ்சம் குறையத்தான் வேண்டும். அதைப் போட்டதும் திக்கிய ஆப் சீராக ஓடினால், நீங்கள் எந்த ஆப்பில் இருக்கிறீர்கள் என்பது நிறுவனத்துக்குத் தெரியாதபோது மட்டும் வேகம் கிடைக்கிறது என்று அர்த்தம் ஆகலாம். வேறு பாதையில் போனதால் சரியாகியிருக்கவும் கூடும். எதுவானாலும் உங்கள் வீட்டுக் கம்பியில் குறை இல்லை என்பது உறுதியாகிவிடும், சரிசெய்ய வேண்டியது அவர்கள் என்பதும் உறுதியாகிவிடும். ஒரு நாள் நடந்தது போதாது. ஐந்தாறு நாள் ஒரே மாதிரி வந்தால் அது சாட்சி.

இதற்கிடையில் உங்கள் இணைய நிறுவனம் யார் என்று கண்டுபிடியுங்கள். வேடிக்கையாகச் சொல்லவில்லை. என்னிடம் வருபவர்களில் பாதிப்பேர் கேபிள்காரர் பெயரைத்தான் சொல்கிறார்கள். அவர் பெரும்பாலும் முகவர். மத்திய அரசிடம் உரிமம் வாங்கியிருப்பது அவருக்கு மேலே இருக்கும் நிறுவனம், விதி கட்டுப்படுத்துவதும் அந்த நிறுவனத்தைத்தான். ஸ்பீட் டெஸ்ட் பக்கத்தில் எண்களுக்குப் பக்கத்திலேயே ஒரு நிறுவனத்தின் பெயர் வரும், பாருங்கள். மாதம் பணம் அனுப்புவது கேபிள்காரரின் ஜிபே எண்ணுக்கு என்றால் இந்த மாதத்திலிருந்து ஜிஎஸ்டி எண் போட்ட பில் கேளுங்கள். பிறகு அந்த நிறுவனத்தின் பிளான் பட்டியலில் இப்படி ஒரு ஆட்-ஆன் இருக்கிறதா என்று பாருங்கள். இருந்தால் விதிமீறல் அவர்கள் கையாலேயே எழுதப்பட்டிருக்கிறது. இல்லாவிட்டால் இது கேபிள்காரர் தானாகப் போட்ட வசூலாக இருக்கலாம். அப்போதும் தன் முகவர் செய்ததற்கு நிறுவனம் பதில் சொல்லியாக வேண்டும்.

ஒரு விஷயத்தில் மட்டும் எச்சரிக்கையாக இருங்கள். நீங்கள் புகார் செய்ததும், "அப்போ பிசினஸ் பிளானுக்கு மாறிக்கோங்க" என்பார்கள். வீட்டுக்கு ஒரு கட்டணம், தொழிலுக்கு ஒரு கட்டணம், அதிக அப்லோடுக்கு ஒரு கட்டணம் என்று வைத்துக்கொள்ள அவர்களுக்கு உரிமை உண்டு. அது ஆப்பைப் பார்த்துப் போடும் விலை இல்லை. இரவு நேர டேட்டா பேக்கும் அப்படித்தான். ஓடிடி சந்தாவைச் சேர்த்து விற்பதும் தவறில்லை, அந்த ஓடிடியில் பார்க்கும் டேட்டாவைக் கணக்கில் சேர்க்க மாட்டோம் என்று சொன்னால்தான் தவறு. எனவே பிசினஸ் பிளான் பேச்சு வந்தால், அதில் எல்லாச் சேவைக்கும் என்ன வேகம் தருவீர்கள் என்று எழுதிக் கேளுங்கள். ஒரு ஆப்பின் பெயரைச் சொல்லி அவர்கள் பதில் தந்தால், பழைய தவறையே புதுப் பெயரில் செய்கிறார்கள்.

இப்போது புகார். கேபிள்காரரிடம் நூறு முறை சொன்னாலும் சட்டத்தின் கண்ணில் அது புகார் ஆகாது. பதினோரு மாதம் விடாமல் போன் செய்தேன் என்று ஒருவர் கால் பதிவுகளோடு வந்தார். ஒரு புகார் எண்கூட அவரிடம் இல்லை. ஆரம்பத்திலிருந்துதான் தொடங்க வேண்டியிருந்தது. நிறுவனத்தின் வாடிக்கையாளர் மையத்தில் பதிவு செய்து, எஸ்எம்எஸ்ஸில் வரும் டாக்கெட் எண்ணை வாங்குங்கள். போனில் பேசினாலும் கூடவே மின்னஞ்சலும் அனுப்புங்கள். ஏறக்குறைய இப்படி எழுதலாம்:

"என் இணைப்பு எண் இது. இந்தத் தேதிகளில் மாலை 7 முதல் 9 வரை இன்ன ஆப் திக்கியது. லேன் கேபிளில் சோதித்த விவரம் இணைத்திருக்கிறேன். உங்கள் முகவர் இன்ன தேதியில் அந்த ஆப்புக்கு மட்டும் மாதம் 250 ரூபாய் கூடுதலாகக் கேட்டார், அந்தச் செய்தியின் படமும் இருக்கிறது. இது டிராயின் 2016 விதிமுறைக்கும் உங்கள் உரிம நிபந்தனைக்கும் முரணானது. இந்தக் கட்டணம் உங்களுடையதா, இல்லையா என்று எழுத்தில் தெரிவியுங்கள். வேகக் குறையைச் சரிசெய்யுங்கள்."

கடைசிக்கு முந்தைய வரியை விட்டுவிடாதீர்கள். ஆம் என்றால் ஒப்புக்கொண்டதாகிறது. இல்லை என்றால் கேபிள்காரரை அவர்களே கேட்டாக வேண்டும். பதிலே வராவிட்டால் அதுவும் உங்கள் கோப்பில் சேரும்.

பதில் திருப்தி இல்லையென்றால் 30 நாளுக்குள் நிறுவனத்தின் மேல்முறையீட்டு அதிகாரிக்குப் போங்கள். இதற்குக் கட்டணம் கிடையாது, 39 நாளுக்குள் அவர் முடிவு சொல்ல வேண்டும். அவருடைய முகவரி டிராய் இணையதளத்தில் நிறுவன வாரியாக இருக்கிறது. தனிப்பட்ட புகார்களை டிராய் விசாரிப்பதில்லை. ஆனால் கட்டண விதியை மீறுகிறார்கள் என்ற தகவல் அவர்களுக்குப் போக வேண்டும், அதனால் ஒரு நகல் அங்கேயும், இன்னொன்று சென்னையில் இருக்கும் தொலைத்தொடர்புத் துறையின் தமிழ்நாடு உரிமப் பகுதி அலுவலகத்துக்கும் அனுப்புங்கள். மத்திய அரசின் பொதுக் குறைதீர் தளத்திலும் தொலைத்தொடர்புத் துறையின் கீழ்ப் பதியலாம். டாக்கெட் எண்ணோடு அங்கே போன பிறகுதான் நிறுவனத்திலிருந்து பொறுப்பான ஒருவர் அழைக்கிறார், இதைப் பல முறை பார்த்திருக்கிறேன். தேசிய நுகர்வோர் உதவி எண் 1915இலும் பேசலாம், தமிழில் பேசுவார்கள்.

இத்தனைக்கும் அசையாவிட்டால் திண்டுக்கல்லில் இருக்கும் மாவட்ட நுகர்வோர் குறைதீர் ஆணையம். தொலைத்தொடர்பு வழக்கு அங்கே செல்லாது என்று யாராவது சொன்னால் அது பழைய கதை. 2009இல் உச்ச நீதிமன்றம் அப்படி ஒரு தீர்ப்புச் சொல்லியிருந்தது. 2022 பிப்ரவரி 16 அன்று, வோடஃபோன் ஐடியா சம்பந்தப்பட்ட வழக்கில், நுகர்வோர் ஆணையங்கள் விசாரிக்கலாம் என்று அதே நீதிமன்றம் தெளிவாக்கிவிட்டது. 2019ஆம் ஆண்டு நுகர்வோர் பாதுகாப்புச் சட்டப்படி நீங்கள் வசிக்கும் மாவட்டத்திலேயே வழக்குப் போடலாம், நிறுவனத்தின் தலைமை அலுவலகம் எந்த ஊரில் இருந்தாலும் சரி. செலுத்திய தொகை ஐந்து லட்சத்துக்குள் என்றால் மனுக் கட்டணம் இல்லை. நுகர்வோர் வழக்குகளுக்கான இ-ஜாக்ரிதி இணையதளத்தில் வீட்டிலிருந்தே தாக்கல் செய்யலாம், வக்கீல் வைக்க வேண்டிய கட்டாயமும் இல்லை. பிரச்சினை ஏற்பட்ட நாளிலிருந்து இரண்டு ஆண்டுக்குள் போட்டுவிட வேண்டும்.

அங்கே அவர்கள் எடுக்கக்கூடிய பெரிய ஆயுதம், "இவர் டியூஷன் நடத்திச் சம்பாதிக்கிறார், வணிகப் பயன்பாடு, நுகர்வோரே இல்லை" என்ற வாதம். பயந்துவிடாதீர்கள். தன் பிழைப்புக்காகச் சுயதொழிலாக ஒரு பொருளை வாங்கிப் பயன்படுத்துபவரை வணிக நோக்கம் என்று தள்ளக் கூடாது என்று சட்டத்தின் விளக்கத்திலேயே இருக்கிறது. அந்த விளக்கம் பொருளைப் பற்றித்தான் பேசுகிறது, சேவைக்கும் அதே நியாயம் பொருந்தும் என்று நீங்கள் வாதிடலாம். "இதுதான் என் வருமானம்" என்று எனக்கு எழுதினீர்களே, மனுவின் முதல் பத்தியிலேயே அதை எழுதிவிடுங்கள். ஸ்கிரீன்ஷாட்டுகளோடு, அவை எந்தக் கருவியிலிருந்து எடுத்தவை என்று உறுதி சொல்லும் மின்னணுச் சாட்சிக்கான சான்றிதழையும் இணையுங்கள். 2024 ஜூலை முதல் அது புதிய சாட்சியச் சட்டத்தின் 63ஆம் பிரிவில் வருகிறது. வாட்ஸ்அப் வந்த அந்த போனை வழக்கு முடியும் வரை மாற்றவோ ரீசெட் செய்யவோ வேண்டாம்.

உங்கள் தெருவில் அதே கேபிள்காரரிடம் இணைப்பு வாங்கியவர்கள் இன்னும் பலர் இருப்பார்கள். வீட்டிலிருந்து ஐடி வேலை பார்க்கும் பிள்ளைகளும் இருக்கலாம். அவர்களுக்கும் இந்த ஆட்-ஆன் செய்தி வந்ததா என்று கேளுங்கள். வந்திருந்தால் எல்லோரும் சேர்ந்து ஒரே மனுவாகக் கொடுக்காமல், ஒவ்வொருவரும் அவரவர் இணைப்பு எண்ணில் தனித்தனியாகப் பதிந்து தனித்தனி டாக்கெட் எண் வாங்கட்டும். அந்த எண்களையும் உங்கள் நோட்டில் ஒரு பக்கம் விட்டுக் குறித்து வையுங்கள்.